பிராக்டிகல் பிஸ்டல் போட்டியில் நகர்வு வேகம்: முழுமையான பயிற்சி வழிகாட்டி

பிஸ்டல் சுடுதல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒலிம்பிக் காட்சிதான். 2024 பாரீஸில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற பத்து மீட்டர் போட்டியில் வீராங்கனைகள் ஒரு கையை நீட்டி, மூச்சை அடக்கி, அசையாமல் நின்று சுடுகிறார்கள். பிராக்டிகல் சுடுதல் இதற்கு நேரெதிர். போட்டியாளர் ஓடுகிறார், தடுப்புச் சுவரின் ஓரத்தில் சாய்ந்து சுடுகிறார், ஓட்டத்தின் நடுவே மேகசினை (குண்டுகள் அடுக்கிய கூட்டை) மாற்றுகிறார், அடுத்த இடத்தில் போய் நிற்பதற்குள் மறுபடியும் சுடத் தொடங்கிவிடுகிறார். 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் கூடிய சுடுநர்கள் இதற்கென ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டு அமைப்பை நிறுவினார்கள். ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், ஆற்றல், வேகம் என்ற பொருள்தரும் மூன்று இலத்தீன் சொற்களே இன்றுவரை அதன் முழக்கம். அமெரிக்காவில் இந்த விளையாட்டை நடத்தும் யுஎஸ்பிஎஸ்ஏ 1984இல் உருவானது. 2022இல் தாய்லாந்தின் பட்டாயாவில் உலகப் போட்டி நடந்தது. பிலிப்பைன்ஸ் இந்த விளையாட்டில் நெடுங்காலமாகவே வலுவான நாடு.

இந்த வழிகாட்டி ஏற்கெனவே பாதுகாப்புப் பயிற்சி முடித்து, சில கிளப் போட்டிகளில் கலந்துகொண்டவர்களுக்கு உரியது. நின்ற இடத்தில் ஓரளவு நன்றாகச் சுடுகிறீர்கள், ஆனால் முடிவுப் பட்டியலில் உங்கள் நேரம் மட்டும் மற்றவர்களைவிட நீண்டு நிற்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஹோல்ஸ்டரிலிருந்து (இடுப்பு உறையிலிருந்து) துப்பாக்கியைப் பாதுகாப்பாக எடுக்கவே இன்னும் பழகாதவர்கள் இங்கே தொடங்க வேண்டாம். முதலில் ஒரு பயிற்றுநரிடம் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் கணக்கு

நகர்வில் ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்பவர்களுக்கு மதிப்பெண் முறையே பதில் சொல்லும். ஒரு ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்றில்) நீங்கள் பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் கிடைப்பது ஹிட் ஃபேக்டர். 32 குண்டுகள் கொண்ட நீண்ட ஸ்டேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாம் அட்டை இலக்கின் நடுவிலுள்ள ஏ பகுதியில் பட்டால், குண்டுக்கு ஐந்து வீதம், 160 புள்ளி. அதை 20 நொடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் 8.0. அதே புள்ளிகளை 19 நொடியில் எடுத்தால் 8.42. ஒரே ஒரு நொடி குறைந்ததற்கு ஐந்து சதவீத உயர்வு.

அந்த 8 என்ற எண்ணை இன்னொரு விதமாகவும் படிக்கலாம்: இந்த ஸ்டேஜில் ஒரு நொடியின் விலை எட்டுப் புள்ளி. மைனர் கணக்கில் (ஆற்றல் குறைந்த குண்டுகளுக்கான மதிப்பெண் முறையில்) ஏ பகுதிக்குப் பதிலாக அதைச் சூழ்ந்த சி பகுதியில் பட்டால் இழப்பு இரண்டு புள்ளி, அதாவது கால் நொடி. குண்டு இலக்கையே தவறவிட்டால் வரவேண்டிய ஐந்தும் போய், பத்துப் புள்ளித் தண்டமும் சேர்ந்து பதினைந்து புள்ளி போய்விடும். அது ஏறத்தாழ இரண்டு நொடிக்குச் சமம்.

சுடும் வேகத்தைக் கூட்டினால் ஏதோ ஒரு புள்ளியில் சி, அதற்கும் வெளியே உள்ள டி, தவறல் என்று விலை கொடுத்தாக வேண்டும். நகர்வில் மிச்சம் பிடிக்கும் நேரத்துக்கு அப்படி ஒரு விலையும் கிடையாது. ஐந்து இடங்களிலிருந்து சுட வேண்டிய ஸ்டேஜில் நான்கு நகர்வுகள். ஒவ்வொன்றிலும் 0.3 நொடி குறைத்தால் 1.2 நொடி கையில் மிஞ்சும். ஒரு புள்ளியும் குறையாது. விசையை இன்னும் வேகமாக இழுக்கப் பழகுவதில் மாதக்கணக்காக உழைப்பவர்களுக்கு என் முதல் வேண்டுகோள், அந்த உழைப்பில் பாதியையாவது கால்களுக்குக் கொடுங்கள் என்பதுதான்.

நேரம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள்

நகர்வு வேகம் என்றால் ஓட்ட வேகம் என்று பலரும் எண்ணுகிறார்கள். இந்த விளையாட்டில் நகர்வுகள் பெரும்பாலும் மூன்று முதல் எட்டு மீட்டர்தான். அந்தத் தொலைவில் நூறு மீட்டர் ஓட்டக்காரருக்கும் சாதாரண உடல்வாகு கொண்டவருக்கும் உள்ள வேறுபாடு சிறியது. பெரிய வேறுபாடு இரு முனைகளிலும் இருக்கிறது. ஓரிடத்தில் கடைசிக் குண்டு போனதற்கும் உடல் உண்மையில் புறப்பட்டதற்கும் நடுவே ஒரு தாமதம். அடுத்த இடத்தை அடைந்ததற்கும் முதல் குண்டு போவதற்கும் நடுவே இன்னொரு தாமதம். ஆகவே நாம் அளக்க வேண்டியது ஒன்றுதான்: ஓர் இடத்தின் கடைசிக் குண்டிலிருந்து அடுத்த இடத்தின் முதல் குண்டு வரை எவ்வளவு நேரம்? ஷாட் டைமர் ஒவ்வொரு குண்டின் நேரத்தையும் பதிவு செய்வதால் இந்த எண் எப்போதும் உங்கள் கையில் இருக்கிறது. போட்டி முடிந்ததும் மொத்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அளக்கும் முறை எளிது. ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகளை வையுங்கள். துப்பாக்கி இல்லாமல், முதல் கூம்பிலிருந்து இரண்டாவதுக்கு முழு வேகத்தில் ஓடி நின்று நேரத்தைக் குறியுங்கள். நண்பர் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தால் போதும். பிறகு ரேஞ்சில் அதே தொலைவில் முதல் இடத்தில் ஓர் இலக்குக்கு இரண்டு குண்டு, ஓட்டம், இரண்டாம் இடத்தில் இன்னோர் இலக்குக்கு இரண்டு குண்டு என்று சுட்டு, நடு இடைவெளியை டைமரில் பாருங்கள். வெறும் ஓட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுதான் நீங்கள் குறைக்க வேண்டியது. கால்களின் இயல்பு வேகத்தை மாற்ற ஆண்டுகள் ஆகும். இந்த வேறுபாட்டைச் சில வாரங்களிலேயே குறைக்கத் தொடங்கலாம்.

காணொளி இன்னும் நுட்பமாகக் காட்டும். நொடிக்கு 60 சட்டகம் பதியும் கைப்பேசியில் 12 சட்டகம் என்பது 0.2 நொடி. கடைசிக் குண்டின் பின்னுதைப்பு தெரியும் சட்டகத்திலிருந்து, முதல் காலடி தரையை விட்டு எழும் சட்டகம் வரை எண்ணுங்கள். பலருக்கும் இந்த எண்ணே அதிர்ச்சியாக இருக்கும். வேகமாகக் கிளம்பியதாக உடல் உணர்கிறது. படமோ வேறு சொல்கிறது. உங்கள் உணர்வை நம்பாதீர்கள், படத்தை நம்புங்கள்.

கையில் துப்பாக்கியுடன் ஓடும்போது

வேகம் கூட்டுவதற்கு முன் மாறாத சில விதிகளை உடலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்றை மீறினாலும் அன்றைய போட்டி முழுவதும் தகுதிநீக்கம்.

நகரும்போதும், மேகசின் மாற்றும்போதும், அடைப்பை நீக்கும்போதும் விரல் விசைக்காப்பு வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். வளையத்துக்கு மேலே துப்பாக்கியின் உடற்பகுதியில் நீட்டி, நடுவர் பார்த்தால் தெரியும்படி வைக்கப் பழகுங்கள். குழல்முனை எப்போதும் பின்மேட்டின் (இலக்குகளுக்குப் பின்னால் குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டின்) பக்கம். நீங்கள் இலக்குகளை நேராகப் பார்த்து நிற்கும்போது இடமும் வலமும் கைகளை நீட்டினால் உருவாகும் கோட்டைக் குழல்முனை தாண்டிப் பின்னால் வரக்கூடாது. இதைத்தான் 180 பாகை விதி என்கிறார்கள்.

இங்கே ஒரு குறிப்பிட்ட ஆபத்து. வலக்கைக்காரர் மேகசின் மாற்றும்போது துப்பாக்கி இயல்பாகவே உடலுக்கு இடப்புறம் சாயும். வலப்பக்கமாக ஓடும்போது அந்தச் சாய்வு குழல்முனையை இலக்குகளின் திசைக்கே கொண்டுபோவதால் கவலையில்லை. இடப்பக்கமாக ஓடும்போது அதே சாய்வு முனையைப் பார்வையாளர் பக்கம் திருப்பிவிடும். எனவே இடப்பக்க ஓட்டத்தில் மேகசின் மாற்றுவதைத் தனியாக, மெதுவாக, நூற்றுக்கணக்கான முறை குண்டில்லாமல் பழகுங்கள். இடக்கைக்காரர்களுக்கு இது அப்படியே தலைகீழ். பின்னோக்கி ஓட வேண்டிய ஸ்டேஜ்களிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். உடல் திரும்பலாம், கால்கள் திரும்பலாம், துப்பாக்கி பிடித்த கை மட்டும் இலக்குகளை நோக்கியே நீண்டிருக்க வேண்டும்.

கால் தடுக்கினால் விரல் வெளியே, முனை முன்னே என்ற இரண்டைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள். துப்பாக்கி கைநழுவித் தரையில் விழுந்தால் நீங்கள் அதைத் தொடக்கூடாது. நடுவர்தான் எடுப்பார். பாய்ந்து பிடிக்க முயல்வது விழுந்ததைவிடக் கொடிய ஆபத்து.

ஸ்டேஜைக் கால்களால் படிப்பது

உங்கள் குழுவுக்குக் கிடைக்கும் சில நிமிட நடைபார்வையில்தான் (சுடும் முன் ஸ்டேஜை நடந்து பார்ப்பதில்தான்) நகர்வின் பாதி வெற்றி முடிவாகிறது. முதலில் எல்லா இலக்குகளையும் எண்ணுங்கள். பிறகு ஒவ்வோர் இலக்கும் எந்தெந்த இடத்திலிருந்து தெரிகிறது என்று பாருங்கள். ஸ்டேஜை அமைத்தவர் ஆறு இடங்களை மனத்தில் வைத்திருக்கலாம். நீங்கள் கவனமாக நடந்தால் இரண்டு இலக்குகளை முந்தைய இடத்திலிருந்தே பார்க்க முடிகிறது, ஓர் இடம் முழுவதுமாகத் தேவையில்லை என்று தெரியவரலாம். ஓர் இடத்தையே நீக்கிவிட்டால் ஒரு புறப்பாடும் ஒரு வருகையும் சேர்ந்து போகின்றன. முழங்கால் வலியுள்ளவர்களும் வயதில் மூத்தவர்களும் இளைஞர்களை வெல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இடங்களை முடிவு செய்ததும் காலடிகளை முடிவு செய்யுங்கள். தரையில் ஒரு கல், ஓர் எல்லைக்கட்டையின் (சுடும் இடத்தின் எல்லையாகத் தரையில் பதித்த கட்டையின்) ஆணி, சுவரின் ஒரு மூட்டு என்று ஏதாவதொன்றை அடையாளமாகக் கொள்ளுங்கள். எந்தக் கால் அங்கே முதலில் ஊன்ற வேண்டும், அங்கிருந்து எந்தத் திசையில் போக வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எல்லைக்கட்டைக்கு வெளியே கால் ஊன்றிச் சுட்டால் பத்துப் புள்ளித் தண்டம் என்பதால், கட்டையைக் காலால் தொட்டு உணரும் தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சுடும் வரிசைக்கு நான் கடைப்பிடிக்கச் சொல்லும் பொதுவிதி இது. ஓர் இடத்துக்குள் நுழையும்போது எளிய இலக்கு, நடுவில் கடினமான இலக்கு, கிளம்பும்போது மறுபடியும் எளிய இலக்கு. அருகிலிருக்கும் திறந்த அட்டையை உடல் முழுவதுமாக நிலைபெறும் முன்பே சுடலாம், கிளம்பத் தொடங்கிய பிறகும் சுடலாம். பாதி மறைந்த, சுடக்கூடாத அட்டையை ஒட்டிய தொலை இலக்கை அப்படிச் சுட முடியாது. அது நடுவில், இரு கால்களும் ஊன்றியிருக்கும்போது வரட்டும். எல்லா ஸ்டேஜிலும் இது அமையாது. அமையும் இடத்தில் விட்டுவிடாதீர்கள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழு ஸ்டேஜையும் மனத்தில் ஓட்டுங்கள். இலக்குகள் மட்டும் தெரிந்தால் போதாது. எந்தக் காலடியில் மேகசின் கையில் வருகிறது, எந்தக் காலடியில் துப்பாக்கி கண்ணுக்கு எழுகிறது என்பதும் தெரிய வேண்டும். ஓரிடத்தில் காட்சி மங்கினால் அங்கே உங்கள் திட்டம் இன்னும் முடியவில்லை. மறுபடி நடந்து பாருங்கள்.

புறப்பாடு

இதுதான் அதிக நேரம் தொலையும் இடம், ஆகவே அதிக நேரம் பழக வேண்டிய இடமும்.

நிற்கும் நிலையிலிருந்தே தொடங்குகிறேன். முழங்கால்கள் விறைத்து நிமிர்ந்து நிற்பவர் ஓட வேண்டுமென்றால் முதலில் உடலைத் தாழ்த்த வேண்டும், பிறகுதான் உந்த முடியும். அந்தத் தாழ்த்தல் வீண் நேரம். கபடியில் பாடிச் செல்பவர் எதிரணியின் முன் எப்படி நிற்கிறார் என்று கவனித்திருப்பீர்கள்: கால்கள் அகன்று, முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, எந்தப் பக்கமும் பாயத் தயாராக. சுடும் நிலையும் அப்படியே இருக்க வேண்டும். மேலுடல் சற்று முன்சாய்ந்து, பாதத்தின் முன்பகுதியில் எடை. பின்னுதைப்பைத் தாங்கவும் இதே நிலைதான் உதவுகிறது என்பதால் இதில் இழப்பு எதுவும் இல்லை.

அடுத்து, கடைசிக் குண்டு. பலர் கடைசிக் குண்டைச் சுட்டுவிட்டு, அது எங்கே பட்டது என்று அட்டையைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கிளம்புகிறார்கள். விசை முறிந்த கணத்தில் குறியோ, ஒளிக்குறிக் கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியோ எங்கே இருந்தது என்று கண் பிடித்துவிட்டால் அட்டையைப் பார்க்கத் தேவையே இல்லை. குண்டு எங்கே போயிற்று என்று அப்போதே தெரியும். பதினைந்து மீட்டரில் ஒன்பது மில்லிமீட்டர் துளையைத் தேடிக்கொண்டிருப்பது நேர விரயம். நின்று சுடும் பயிற்சியிலேயே ஒவ்வொரு குண்டையும் "ஏ", "சி இடப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லி, பிறகு போய்ச் சரிபார்த்து இந்தக் கண்ணை வளர்க்க வேண்டும். இந்தக் கண் வளராமல் வேகமான புறப்பாடு வராது. கால் பயிற்சி என்று நினைத்து வந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

எடையை மாற்றுவது மூன்றாவது. வலப்பக்கம் ஓட வேண்டுமென்றால் உந்த வேண்டியது இடக்கால். கடைசி இலக்குக்குத் திரும்பும்போதே எடையை இடக்காலின் உள்விளிம்புக்குக் கொண்டுவரத் தொடங்குங்கள். கடைசிக் குண்டு எளிய இலக்கில் என்றால் அது போகும் கணத்தில் இடுப்பு ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கலாம். பாதங்கள் தரையில், உடல் சாய்வில், கண் குறியில். பிறகு ஒரே உந்தல்.

தவிர்க்க வேண்டியது பொய்க்காலடி. கிளம்பும் முன் ஒரு காலைத் தன்னையறியாமல் பின்னால் அல்லது எதிர்ப்பக்கம் எடுத்து வைத்து, பிறகு ஓடுவது. காணொளியில் இதை எளிதாகப் பிடிக்கலாம். பெரும்பாலும் கால்களைக் குறுக்கி நிற்பதுதான் காரணம். அகலமாக நின்றால் உந்துவதற்கான கால் ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கும்.

டைமரின் தொடக்க பீப் ஒலியும் ஒரு புறப்பாடுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் இலக்கு மூன்று காலடி தள்ளித்தான் தெரியும் என்றால், நின்று துப்பாக்கியை எடுத்துவிட்டுப் பிறகு நடக்க வேண்டாம். பீப் ஒலித்ததும் கால் ஒருபக்கம், கை ஒருபக்கம் தங்கள் வேலையைச் செய்யட்டும்.

இடைவழி

இதில் சொல்வதற்குக் குறைவு. நான்கைந்து காலடிக்கு மேல் ஓட வேண்டுமென்றால் துணைக் கையைத் துப்பாக்கியிலிருந்து விடுவித்து ஓடுங்கள்; கை வீசினால்தான் கால் வேகம் பிடிக்கும். அதற்குக் குறைவென்றால் இரு கைகளும் பிடியிலேயே, துப்பாக்கி மார்புயரத்தில், முனை இலக்கின் பக்கம். ஒன்றிரண்டு காலடி நகர்வில் துப்பாக்கியைக் கீழே இறக்கவே வேண்டாம்.

மேகசினை மாற்றுவதென்றால் முதல் இரண்டு காலடிக்குள் முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் வருகையின்போது கைகள் இன்னும் வேலையில் இருக்கும், அங்கே நிற்க வேண்டிவரும். மாற்றும் கணத்தில் கண், துப்பாக்கியில் மேகசின் நுழையும் துளையில் இருக்கட்டும், முடிந்ததும் கண் உடனே அடுத்த இடத்துக்குப் போகட்டும். இலக்கு தோன்றப்போகும் சுவரின் ஓரத்தைப் பாருங்கள், கால்களைப் பார்க்காதீர்கள்.

வருகை

வேகமாக ஓடிவந்து, தடாலென்று நின்று, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு துப்பாக்கியை உயர்த்தி, குறிபார்த்துச் சுடுவது. கிளப் போட்டிகளில் மிகுதியாகத் தென்படும் வருகை இதுதான். நான்கு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.

கடைசி இரண்டு காலடிக்கு முன்பே இரு கைகளும் பிடியில் சேர்ந்து துப்பாக்கி கண் மட்டத்துக்கு எழுந்துவிட வேண்டும். சுவரின் ஓரத்தில் இலக்கு தெரியும் கணத்தில் குறியும் அங்கே இருக்க வேண்டும். சிவப்புப் புள்ளிக் குறி பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வந்து நின்ற பிறகு துப்பாக்கியை உயர்த்திப் புள்ளியைத் தேடினால் சேர்த்த நேரமெல்லாம் போய்விடும்.

கடைசிக் காலடிகளைக் குறுக்கி, இடுப்பைத் தாழ்த்தி வேகத்தைக் குறையுங்கள். நிமிர்ந்தபடி வந்தால் நின்றதும் உடல் முன்னே தள்ளும், துப்பாக்கி குதிக்கும். குதிகாலில் தொடங்கி விரல்வரை உருளும் பாதம் அந்த அதிர்வைக் குறைக்கும். முதலில் வந்து ஊன்றும் கால் எடையைத் தாங்கட்டும். அந்தக் காலில் நின்றே முதல் இலக்கைச் சுடத் தொடங்குங்கள். இரண்டாவது கால் தரையைத் தொடும்போது நீங்கள் இரண்டாவது குண்டில் இருக்கலாம். எப்போது சுட வேண்டும் என்பதைக் கால் சொல்லக் கூடாது. குறி ஏற்கத்தக்க அளவு நிலைத்துவிட்டதா என்று கண் சொல்லட்டும். ஐந்து மீட்டர் அட்டைக்கு வேண்டிய நிலைப்பு வேறு, இருபது மீட்டர் இரும்புத் தகட்டுக்கு வேண்டியது வேறு.

சுவருக்கும் சன்னலுக்கும் மிக நெருங்காதீர்கள். ஒட்டி நின்றால் துப்பாக்கியை உயர்த்த இடமிருக்காது, அடுத்த இலக்குக்குத் திரும்பச் சாய வேண்டியிருக்கும், கிளம்பும்போது முதலில் விலக வேண்டியிருக்கும். கை நீட்டினால் துப்பாக்கி இடிபடாத அளவுக்காவது பின்னால் நில்லுங்கள். அகலமாக நின்றால் கால்களை அசைக்காமல் உடலை மட்டும் சாய்த்து இரு பக்கமும் பார்க்க முடியும். நின்றபின் கால்களைச் சரிசெய்துகொண்டே இருப்பவர்கள் நடைபார்வையில் தங்கள் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள்.

நடந்தபடி சுடுவதா, நின்று சுடுவதா?

நடந்தபடி சுடுவது பார்க்க அழகு. எப்போதும் இலாபம் என்று சொல்ல முடியாது. இலக்கு அருகிலும் திறந்தும் இருந்து, நீங்கள் எப்படியும் அந்தத் திசையில் போக வேண்டுமென்றால் தயங்காமல் நடந்தபடி சுடுங்கள். தொலைவு கூடும்போது நடையை மிகவும் மெதுவாக்கினால்தான் ஏ கிடைக்கும் என்ற நிலை வரும். அங்கே ஓடிப்போய் நின்று சுடுவதே மேல். எல்லை எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே இலக்கை ஒரே தொலைவில் இரு வழியிலும் சுட்டு, ஹிட் ஃபேக்டரைக் கணக்கிட்டு, உங்கள் எல்லையை நீங்களே கண்டுபிடியுங்கள். நடையில் முழங்கால்கள் மடங்கியே இருக்க வேண்டும், பாதம் உருள வேண்டும், இடுப்புக்கு மேல் உடல் ஒரே மட்டத்தில் மிதக்க வேண்டும்.

இரும்புத் தகடுகளை வேகமாகச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டிகளிலிருந்து இங்கே வருபவர்களுக்கு இந்தப் பகுதி முழுவதும் புதிதாக இருக்கும். அங்கே எட்டு ஸ்டேஜ்களில் அவுட்டர் லிமிட்ஸ் ஒன்றில் மட்டுமே இடம் மாற வேண்டும். அவர்களுடைய துப்பாக்கிக் கை பெரும்பாலும் மிக வேகமானது. கால்களைச் சேர்த்துவிட்டால் விரைவில் முன்னேறுவார்கள்.

வீட்டுப் பயிற்சி

குண்டில்லாமல் பழகுவதை டிரை ஃபயர் என்கிறார்கள். நகர்வு முன்னேற்றத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது, செலவும் இல்லை. அந்த அறையில் ஒரு குண்டுகூட இருக்கக்கூடாது. குழலறையைக் கண்ணாலும் விரலாலும் சரிபாருங்கள், மேகசின்களையும் சரிபாருங்கள். குண்டைத் தடுக்கக்கூடிய சுவரை நோக்கியே பழகுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கதவை மூடுங்கள். முடிந்ததும் துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிடுங்கள். முடித்த பிறகு "இன்னும் ஒரே ஒரு முறை" என்று மறுபடி எடுக்காதீர்கள்.

மூன்று மீட்டர் இடம் போதும். தரையில் வண்ண நாடாவால் இரண்டு கட்டங்கள், எதிர்ச்சுவரில் சிறிதாக்கப்பட்ட இரண்டு காகித இலக்குகள். முதலில் புறப்பாடு மட்டும்: குறி இலக்கில் இருக்கிறது, விசையை அழுத்துகிறீர்கள், அதே கணத்தில் உந்தி ஒரே ஒரு காலடி, நிறுத்தம். இரு பக்கமும், முன்னும், பின்னும். பிறகு வருகை மட்டும்: கட்டத்துக்கு வெளியே இரண்டு காலடி தள்ளித் தொடங்கி, உள்ளே வந்து, முதல் கால் ஊன்றும்போது குறி இலக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்விரண்டும் தனித்தனியே சரியான பிறகே முழு நகர்வைச் சேர்த்துச் செய்யுங்கள். டைமரில் ஒரு நேர வரம்பை வைத்து, அதற்குள் முடிக்க முடிகிறபோது பத்தில் ஒரு நொடி குறையுங்கள். குறி இலக்கில் இல்லாமலே விசையை அழுத்தி நேரத்தைப் பிடித்தால் அந்த முறையை எண்ணாதீர்கள்.

ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். கவனம் சிதறிய பிறகு செய்யும் முறைகள் தவறான பழக்கத்தைத்தான் பதிக்கும்.

ரேஞ்சில்

ரேஞ்சுக்குப் போகும்போது குண்டுகளை எதற்குச் செலவிடுவது என்று முன்பே எழுதிக்கொண்டு போங்கள். முன்னர் சொன்ன இரு கூம்புப் பயிற்சியே அடித்தளம். பத்து மீட்டரில் இரண்டு அட்டைகள், ஐந்து மீட்டர் இடைவெளி. இடமிருந்து வலம் ஐந்து முறை, வலமிருந்து இடம் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் நடு இடைவெளியையும் படுமிடங்களையும் எழுதுங்கள். ஒரு பக்கம் எப்போதும் மெதுவாக இருக்கும். அந்தப் பக்கத்துக்கு இரட்டைப் பயிற்சி கொடுங்கள்.

அடுத்த கட்டமாகக் கூம்புகளை மூலைவிட்டமாக வையுங்கள், பிறகு முன்னும் பின்னுமாக. சுவர்போல ஒரு தடுப்பைச் சேர்த்தால் வருகையின் கோணமும் தூரமும் பழகும். கடைசி இலக்கை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒருமுறை அருகிலுள்ள அட்டை, ஒருமுறை தொலைவிலுள்ள தகடு. எளிய இலக்கில் கிளம்புவது எவ்வளவு மிச்சம் தருகிறது என்று உங்கள் எண்களே காட்டும். அடுத்த முறை நடைபார்வையில் அந்த அறிவு தானாக வேலை செய்யும்.

வேகத்தைக் கூட்டும் நாளையும் துல்லியம் காக்கும் நாளையும் பிரித்து வைப்பது நல்லது. வேக நாளில் சி பகுதிகள் கூடினாலும் கவலைப்பட வேண்டாம், உடல் புதிய வேகத்தைக் கற்றுக்கொள்கிறது. ஆனால் பாதுகாப்பு விதிகளுக்கு வேக நாள் என்று ஒன்று கிடையாது.

உடல்

இந்த விளையாட்டுக்கு வேண்டியது நீண்ட தூர ஓட்டம் அல்ல. ஐந்து முதல் பத்து மீட்டர் வெடிப்பான ஓட்டம், உடனே நிற்கும் திறன், மறுபடி வேறு திசையில் உந்தும் திறன். வாரம் இருமுறை குறுகிய ஓட்டங்கள் ஓடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓரிரு நிமிடம் முழு ஓய்வு எடுங்கள். மூச்சு வாங்கும்போது தொடர்ந்து ஓடினால் வளர்வது வேகம் ஆகாது. நிற்பதையும் பயிற்சியாகவே செய்யுங்கள்: முழு வேகத்தில் வந்து மூன்று சிறு காலடிக்குள் தாழ்ந்து நிற்பது. பக்கவாட்டுத் தாவல், ஒற்றைக்கால் உட்கார்ந்தெழுதல், பின்தொடைக்கும் இடுப்புக்குமான எடைப்பயிற்சி ஆகியவை வாரம் இருமுறை. கணுக்காலின் வளைவுத்திறனைப் பலர் கவனிப்பதில்லை. தாழ்ந்த நிலையில் குதிகால் தரையில் நிற்கவில்லையென்றால் எவ்வளவு பழகினாலும் வருகை மென்மையாகாது. முழங்காலில் பழைய காயம் உள்ளவர்கள் தாவல்களைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

காலணியைப் பற்றி ஒரு வரி. சரளைக்கல், புல், சேறு எல்லாவற்றிலும் பிடிப்புத் தரும் மேடுபள்ளமான அடிப்பாகம் வேண்டும். மலைப்பாதை ஓட்டக் காலணியோ செயற்கைப் புல்தரைக் கால்பந்துக் காலணியோ போதுமானது. வழுக்கும் என்ற அச்சம் இருக்கும்வரை யாரும் முழு வலுவோடு உந்துவதில்லை. இடைவாரும் மேகசின் பைகளும் ஓட்டத்தில் குலுங்காமல் இறுகியிருக்கின்றனவா என்று ஒரு முறை ஓடிப் பார்த்துவிட்டே போட்டிக்குப் போங்கள்.

போட்டி நாளும் மறுநாளும்

போட்டியில் நீங்கள் சுடும் நேரம் சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் அட்டைகளில் ஒட்டுத்தாள் ஒட்டுவதிலும், விழுந்த தகடுகளை நிமிர்த்துவதிலும், காத்திருப்பதிலும் போகும். அந்தக் காத்திருப்பில் தசைகள் குளிர்ந்துவிடும். உங்களுக்கு முன் மூன்று பேர் இருக்கும்போதே ஒட்டும் வேலையை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள். முழங்காலை உயர்த்தி நடங்கள், நான்கைந்து குறு ஓட்டம் ஓடுங்கள், பிறகு மனத்தில் ஸ்டேஜை ஓட்டுங்கள். வெயில் நாளில் தண்ணீரை மறக்காதீர்கள்.

தயாராகும்படி நடுவர் கட்டளையிட்டதும் புதிய யோசனை எதுவும் வேண்டாம். பழகிய திட்டம் மட்டும். ஸ்டேஜின் நடுவில் ஒரு குண்டு தவறினால் அதைச் சரிசெய்துவிட்டுத் திட்டத்துக்குத் திரும்புங்கள். இழந்த நேரத்தை அடுத்த நகர்வில் மீட்க நினைத்து விரையும்போதுதான் 180 பாகைக் கோடு மீறப்படுகிறது.

முடிவுகள் பெரும்பாலும் அன்று மாலையே பிராக்டிஸ்கோர் என்ற மதிப்பெண் இணையதளத்தில் வந்துவிடும். உங்களைவிட ஒரு வகுப்பு மேலே உள்ளவர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பி வகுப்பில் இருந்தால் ஏ வகுப்புக்காரர் ஒருவர். உச்ச வகுப்பான கிராண்ட் மாஸ்டரோடு ஒப்பிட்டால் எல்லாமே பெரிய வேறுபாடாகத்தான் தெரியும், எதைத் திருத்துவது என்று புரியாது. அவருடைய புள்ளிகளும் உங்களுடையதும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து நேரம் மட்டும் வேறுபடும் ஸ்டேஜ்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்டேஜ்களின் உங்கள் காணொளியை எடுத்து, ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: கடைசிக் குண்டிலிருந்து முதல் காலடி வரை எத்தனை சட்டகம், முதல் காலடியிலிருந்து அடுத்த இடத்தில் கால் ஊன்றும்வரை எத்தனை, ஊன்றியதிலிருந்து முதல் குண்டு வரை எத்தனை. மூன்றில் எது பெரிதாக நிற்கிறதோ அதை மட்டும் அடுத்த நான்கு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண் பெரிதென்றால் புறப்பாடு. மூன்றாவது பெரிதென்றால் வருகை. இரண்டாவதுதான் பெரிது என்றால் குறு ஓட்டப் பயிற்சியை வாரம் மூன்று முறையாக்குங்கள்.